விண்கலம் படம் எடுக்கும்போது சூரியனை ரேடியோவில் ஏன் கேட்க வேண்டும்?

எண்ணூர் நெட்டுக்குப்பத்திலிருந்து இயற்பியல் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “ஆதித்யா-எல்1 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியதை எங்கள் கடற்கரையில் நின்றே பார்த்தேன். அந்த மாதிரி விண்கலங்களே சூரிய வெடிப்பைப் படம் எடுத்து அனுப்பும்போது, தரையில் ஆன்டெனா நட்டு ரேடியோவில் கேட்பது எதற்கு? அதை வைத்து வெடிப்பின் வேகத்தை எப்படி இன்னும் சரியாக அளக்கிறார்கள்? எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து நானும் கேட்க முடியுமா?”

நல்ல கேள்வி தம்பி. முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூமியை நோக்கி நேராக வரும் வெடிப்புதான் நமக்கு முக்கியம். படம் அதைத்தான் மிக மோசமாக அளக்கிறது, ரேடியோ கைகொடுப்பதும் அந்த இடத்தில்தான். ஆனால் ரேடியோவை மட்டும் நம்பினால் வேறு விதமாக ஏமாந்துபோவோம். இரண்டையும் ஒரே கணக்குக்குள் கொண்டுவரும்போதுதான் அளவு தேறுகிறது. இனி விரிவாக.

சூரிய வெடிப்பு என்று இங்கே நான் சொல்வது கொரோனல் மாஸ் எஜெக்‌ஷனை. சுருக்கமாக சிஎம்இ. சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவிலிருந்து காந்தப்புலத்தோடு சேர்ந்து பிய்த்துக்கொண்டு கிளம்பும் பிளாஸ்மா. பெரிய வெடிப்பு ஒன்று 1,000 கோடி டன் எடையைத் தூக்கிக்கொண்டு வரும். வேகம் வினாடிக்குச் சில நூறு கிலோமீட்டரிலிருந்து 3,000 கிலோமீட்டர் வரை இருக்கும். அதிவேகமானது ஒரு நாளுக்குள் பூமியை எட்டிவிடும், மந்தமானது நாலைந்து நாள் எடுத்துக்கொள்ளும். எத்தனை மணிக்கு வந்து மோதும் என்று இன்றைக்குச் சொல்லப்படும் கணிப்புகள் சராசரியாக 10 மணி நேரத்தை ஒட்டிப் பிசகுகின்றன. கிளம்பும் இடத்தில் வேகத்தையும் திசையையும் சரியாக அளக்க முடியாதது இதற்கு ஒரு பெரிய காரணம்.

படத்தில் என்ன குறை? கொரோனா மிக மங்கலானது. சூரிய வட்டின் வெளிச்சத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஆகவே சூரியனை ஒரு தட்டால் மறைத்துவிட்டு, சுற்றியுள்ளதை மட்டும் படம் பிடிக்கும் கொரோனாகிராஃப் என்ற கருவி தேவைப்படுகிறது. 1995 டிசம்பரில் ஏவப்பட்ட சோஹோ விண்கலத்தின் லாஸ்கோ கருவிதான் இதில் பெரியண்ணன். ஆனால் இன்று அதில் வேலை செய்யும் கேமராக்களின் தட்டு சூரியனின் மையத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு சூரிய ஆரம் தூரம் வரை மறைத்துவிடுகிறது. அதற்குள் எட்டிப் பார்த்த இன்னொரு கேமரா 1998-ல் செயலிழந்துவிட்டது. வெடிப்பு பிறந்து, முடுக்கம் பெற்று, அதிர்ச்சி அலையை உருவாக்குவதெல்லாம் பெரும்பாலும் அந்த மறைவிடத்துக்குள்தான் நடக்கிறது. ஆதித்யாவின் கொரோனாகிராஃபான விஇஎல்சி கருவி 1.05 சூரிய ஆரத்திலிருந்தே பார்க்கும்படி செய்யப்பட்டது இந்தக் குறையைத் தீர்க்கத்தான்.

அடுத்தது நேரம். லாஸ்கோ ஏறக்குறைய 12 நிமிடத்துக்கு ஒரு படம் தருகிறது. வினாடிக்கு 1,000 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வெடிப்பு அந்த 12 நிமிடத்தில் 7,20,000 கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். ஒரு சூரிய ஆரத்தை விடக் கொஞ்சம் அதிகம். வேகம் எப்போது கூடியது, எப்போது குறைந்தது என்பதெல்லாம் இரண்டு படங்களுக்கு இடையில் தொலைந்துபோகிறது.

இவை இரண்டையும் விடப் பெரிய குறை பார்வைக் கோணம். காசிமேடு துறைமுகத்தில் நின்று கடலைப் பாருங்கள். காமராஜர் துறைமுகம் நோக்கி வடக்கே போகும் கப்பல் நகர்வது தெரியும். நம்மைப் பார்த்து நேராக வரும் கப்பல் அதே இடத்தில் நிற்பதுபோலத்தான் இருக்கும், மெல்லப் பெரிதாகும், அவ்வளவுதான். பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே இருக்கும் கொரோனாகிராஃபுக்கும் இதே கதிதான். பூமியை நோக்கி வரும் சிஎம்இ, தட்டைச் சுற்றி ஒரு வளையமாக விரிவதாகத் தெரியும். அதில் அளப்பது பக்கவாட்டில் விரியும் வேகத்தை, நம்மை நோக்கி வரும் வேகத்தை அல்ல. பக்கத்திலிருந்து பார்ப்பதற்காகவே 2006-ல் ஸ்டீரியோ என்ற இரட்டை விண்கலங்களை அனுப்பினார்கள். அருமையான ஏற்பாடு. ஆனால் ஒன்றோடு 2014 அக்டோபரில் தொடர்பு அறுந்தது. மற்றொன்று தன் பாதையில் சுற்றி வந்து 2023 ஆகஸ்டில் பூமியைக் கடந்தது. அந்தச் சமயத்தில் அதன் பார்வையும் நம் பார்வையும் ஒன்றாகிவிட்டன.

இனி ரேடியோவுக்கு வருவோம். பிளாஸ்மாவில் உள்ள எலக்ட்ரான்கள் இயல்பாக அதிரும் ஒரு அதிர்வெண் உண்டு. அது எலக்ட்ரான் அடர்த்தியை மட்டுமே பொறுத்தது. ஒரு கன சென்டிமீட்டரில் எத்தனை எலக்ட்ரான் இருக்கிறதோ அதன் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால் கிலோஹெர்ட்ஸில் விடை வந்துவிடும். 10 கோடி எலக்ட்ரான் இருந்தால் 90 மெகாஹெர்ட்ஸ், நம் எஃப்எம் வானொலி இருக்கும் இடம். 10 லட்சம் என்றால் 9 மெகாஹெர்ட்ஸ். பூமியின் அருகே சூரியக் காற்றில் ஐந்திலிருந்து பத்து எலக்ட்ரான்தான் இருக்கும், அங்கே 20, 30 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். கொரோனாவில் மேலே போகப் போக அடர்த்தி குறைகிறது. ஆகவே ஒவ்வொரு அதிர்வெண்ணும் ஓர் உயரத்தைக் குறிக்கிறது.

வேகமான சிஎம்இ தனக்கு முன்னால் ஓர் அதிர்ச்சி அலையைத் தள்ளிக்கொண்டு போகும். அந்த அலை எலக்ட்ரான்களை முடுக்கிவிட, அவை இருக்கும் இடத்து பிளாஸ்மாவின் அதிர்வெண்ணிலும் அதன் இரட்டிப்பிலும் ரேடியோ அலை கிளம்புகிறது. அதிர்ச்சி மேலே ஏற ஏற அதிர்வெண் மெல்ல மெல்ல இறங்கும், நேரத்துக்கு எதிராக வரைந்தால் சரிந்து இறங்கும் ஒரு கோடாகத் தெரியும். இதை இரண்டாம் வகை வெடிப்பொலி என்கிறார்கள். ஒளியின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி ஓடும் எலக்ட்ரான் கற்றைகள் எழுப்புவது மூன்றாம் வகை. அது சில வினாடிகளில் சரேலென்று கீழே விழுந்துவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அதிர்வெண் இறங்கும் வேகம், அடர்த்தி குறையும் திசையில் அலை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைச் சொல்கிறது. அலை நம்மைப் பார்த்து வருகிறதா, பக்கவாட்டில் போகிறதா என்பது இதில் குறுக்கிடுவதே இல்லை. கொரோனாகிராஃப் தடுமாறும் அதே கோணத்தில் ரேடியோ தெளிவாகப் பேசுகிறது.

இதை முதலில் செய்து காட்டியவர்கள் ஆஸ்திரேலியர்கள். 1942-ல் பிரிட்டிஷ் ராணுவ ரேடார்களில் வந்த இரைச்சல் சூரியனுடையது என்று ஜே. எஸ். ஹே கண்டுபிடித்தார். போர் முடிந்ததும் சிட்னியின் டோவர் ஹைட்ஸ் கடலோரக் குன்றில் ரூபி பெய்ன்-ஸ்காட்டும் அவர் கூட்டாளிகளும் சூரியனைக் கேட்க ஆரம்பித்தார்கள். 1947 மார்ச்சில் ஒரு பெரும் வெடிப்பொலி முதலில் 200 மெகாஹெர்ட்ஸில் வந்தது, சில நிமிடம் கழித்து 100-ல், பிறகு 60-ல். ஏதோ ஒன்று சூரியனிலிருந்து வினாடிக்கு 500 முதல் 750 கிலோமீட்டர் வேகத்தில் வெளியே ஏறுகிறது என்று அந்தத் தாமதத்தை வைத்தே கணக்குப் போட்டார்கள். விண்கலக் கொரோனாகிராஃப் முதல் சிஎம்இ-யைப் பார்த்தது 1971 டிசம்பரில். கண்ணுக்குப் படுவதற்கு 24 ஆண்டு முன்பே ரேடியோ அதன் வேகத்தைச் சொல்லிவிட்டது. ரூபி பெய்ன்-ஸ்காட் திருமணமானவர் என்று தெரிந்ததும் நிரந்தர வேலையைப் பறித்தார்கள், 1951-ல் ஆராய்ச்சியை விட்டே போனார். எவ்வளவு பெரிய இழப்பு என்று இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது.

கணக்கைக் காகிதத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள், அப்போதுதான் இதன் பலமும் பலவீனமும் ஒருசேரப் பிடிபடும். ஓர் இரண்டாம் வகை வெடிப்பொலி 5 நிமிடத்தில் 80 மெகாஹெர்ட்ஸிலிருந்து 40-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த உயரத்தில் எவ்வளவு அடர்த்தி என்பதற்கு ஒரு மாதிரி வேண்டும். 1961-ல் நியூகர்க் என்ற சூரிய ஆய்வாளர் தந்தது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதன்படி 80 மெகாஹெர்ட்ஸ் என்பது மையத்திலிருந்து 1.32 சூரிய ஆரம், 40 என்பது 1.62. வித்தியாசம் சுமார் 2,07,000 கிலோமீட்டர். 300 வினாடியால் வகுத்தால் வினாடிக்கு 690 கிலோமீட்டர்.

அன்றைக்கு அந்த இடத்தில் கொரோனா மாதிரியைப் போல இரண்டு மடங்கு அடர்த்தியாக இருந்திருந்தால்? அதே பதிவு 850 கிலோமீட்டர் என்று சொல்லும். நீங்கள் பார்த்த கோடு அடிப்படை அதிர்வெண் இல்லாமல் அதன் இரட்டிப்பாக இருந்திருந்தால்? உண்மையில் பிளாஸ்மா 40-லிருந்து 20-க்கு இறங்கியிருக்கிறது, வேகம் 1,090-ஐத் தொடும். பதிவு ஒன்றுதான், விடை மூன்று. ரேடியோவில் அளந்தோம் என்று ஒற்றை எண்ணை மட்டும் யாராவது நீட்டினால், எந்த அடர்த்தி மாதிரி, எந்தக் கோடு என்று இரண்டையும் கேளுங்கள். அதற்குப் பதில் இல்லாத எண்ணை நான் ஏற்பதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. அதிர்ச்சி அலையின் எந்தப் பகுதியிலிருந்து ஒலி வருகிறது என்பதை வெறும் அலைமாலைப் பதிவு, அதாவது எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் என்ற பதிவு, சொல்லாது. முன்முனையிலிருந்து வரலாம், பக்கவாட்டில் அடர்த்தியான கொரோனாத் தாரையை அலை உரசும் இடத்திலிருந்தும் வரலாம். பக்கவாட்டிலிருந்து வந்ததை முன்முனை என்று நினைத்தால் வேகம் தவறிவிடும். இடத்தைக் காட்ட ரேடியோவிலேயே படம் எடுக்கும் கருவி வேண்டும்.

கௌரிபிதனூரின் அருமை இங்கேதான். பெங்களூருக்கு வடக்கே இந்திய வான் இயற்பியல் மையத்தின் வயல்வெளி நிலையம் அது. ஆன்டெனாக்களை வரிசையாக நட்டுச் செய்த ரேடியோஹீலியோகிராஃப் 1997 முதல் அங்கே 40 மெகாஹெர்ட்ஸிலிருந்து நூற்றுச் சொச்சம் வரை சூரியனைப் படம் எடுக்கிறது, பக்கத்திலேயே அலைமாலைப் பதிவுக் கருவிகளும் உண்டு. ஒரே வெடிப்பை மூன்று விதமாகப் பார்க்கலாம்: எந்த நொடியில் எந்த அதிர்வெண், அது வானத்தில் எந்தப் புள்ளியில், அந்த நேரத்தில் கொரோனாகிராஃப் காட்டும் முன்விளிம்பு எங்கே. ரேடியோப் படத்தில் 80 மெகாஹெர்ட்ஸ் மூலம் 1.45 ஆரத்தில் தெரிந்தால் நியூகர்க் மாதிரியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அன்றைய கொரோனாவின் உண்மையான அடர்த்தியை எடுத்துக்கொள்ளலாம். மாதிரியை நம்பிய இடத்தில் இப்போது அளவு வந்து உட்காருகிறது. என்னைக் கேட்டால் அளவு மேம்படுகிறது என்று சொல்வதற்கெல்லாம் அடிப்படை இந்த ஒரு மாற்றம்தான். கொரோனாவில் அலைகள் சிதறி மூலம் உண்மையை விடப் பெரிதாகவும் சற்றுத் தள்ளியும் தெரியும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே பூமியின் அயனி மண்டலம் கதவை மூடிவிடும். அந்தத் தாழ்ந்த அதிர்வெண்களைக் கேட்க விண்வெளிக்குப் போக வேண்டும். 1994-ல் ஏவிய விண்ட் விண்கலம் 14 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழேயிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கிறது, அதாவது சூரியனுக்குப் பக்கத்திலிருந்து பூமி வரை முழு வழியும். அங்கே ஓர் அழகான வசதி இருக்கிறது. சூரியக் காற்றில் அடர்த்தி தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறைவதால், அதிர்வெண் தூரத்துக்கு நேர்மாறாகிறது. அதிர்வெண்ணைத் தலைகீழாக்கி நேரத்துக்கு எதிராக வரைந்தால், மாறாத வேகத்தில் போகும் அதிர்ச்சி ஒரு நேர்கோடாக விழும். கோடு வளைந்தால் சூரியக் காற்று அதை இழுத்து மெதுவாக்குகிறது என்று அர்த்தம். எங்கே, எவ்வளவு மெதுவானது என்பது தெரிந்தால்தான் வந்து சேரும் நேரத்தைச் சொல்ல முடியும்.

நம் ஊட்டிக்கும் இதில் பெரிய பங்கு உண்டு, அதை நாமே சரியாகப் பேசுவதில்லை. கோவிந்த் ஸ்வரூப் முன்னின்று 1970-ல் முடித்த ஊட்டி ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அந்த ஊரின் அட்சரேகைக்குச் சமமான சாய்வுள்ள மலைச்சரிவாகத் தேடிப் பிடித்து நிறுத்தியதால், அதன் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் திருப்பி ஒரு வான்மூலத்தை மணிக்கணக்காகத் தொடரலாம். அங்கே கேட்பது சூரியனை அல்ல, அதற்கு அப்பால் வெகு தொலைவில் இருக்கும் ரேடியோ மூலங்களை. சூரியக் காற்றின் ஒழுங்கற்ற பிளாஸ்மா குறுக்கே வரும்போது அந்த மூலங்கள் மினுமினுக்கின்றன. சிஎம்இ குறுக்கிட்டால் மினுமினுப்பு எகிறும். பல நூறு மூலங்களை நாளெல்லாம் பார்த்தால் வெடிப்பு இப்போது எந்தத் திசையில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று வரைபடமே போட்டுவிடலாம். மனோகரன் உள்ளிட்ட ஊட்டி விஞ்ஞானிகள் லாஸ்கோ படங்களோடு இதைச் சேர்த்து, சூரியனுக்கும் பூமிக்கும் நடுவில் சிஎம்இ-க்களின் வேகம் எப்படி மாறுகிறது என்று காட்டினார்கள். கொரோனாகிராஃப் 30 சூரிய ஆரத்தோடு கைவிட்டுவிடும். பூமி இருப்பது 215 ஆரத்தில். நடுவே உள்ள அந்த நீண்ட வழியில் ஊட்டி துணைக்கு வருகிறது.

வேகத்தை விட முக்கியமான ஒன்று காந்தப்புலம். சிஎம்இ-யின் புலம் தெற்கு நோக்கி இருந்தால் பூமியின் புலத்தோடு இணைந்து பெரும் புயலைக் கிளப்பும், வடக்கு நோக்கி இருந்தால் பெரும்பாலும் சாதுவாகக் கடந்துவிடும். வெளிச்சத்தில் எடுக்கும் படத்தில் இது தெரியவே தெரியாது. ரேடியோவில் சில துப்புகள் கிடைக்கின்றன. இரண்டாம் வகைக் கோடு சில சமயம் இரண்டாகப் பிளந்து வரும். அந்த இடைவெளியிலிருந்து அதிர்ச்சியின் வலிமையையும், அதிலிருந்து புலத்தின் அளவையும் கணிக்கலாம். காந்தப்புலத்தில் சுழலும் வேக எலக்ட்ரான்கள் சிஎம்இ-யையே மங்கலாக ரேடியோவில் ஒளிரவைப்பதும் உண்டு. 1998 ஏப்ரல் 20 வெடிப்பை பிரான்ஸின் நான்சே கருவி அப்படிப் படம் பிடித்தது. ஆனால் புலம் எவ்வளவு என்று தெரிவது வேறு, எந்தத் திசை என்பது வேறு. திசையை உறுதியாகச் சொல்ல, பூமிக்கு முன்னால் 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் நிற்கும் விண்கலத்தை வெடிப்பு தொட்டாக வேண்டியிருக்கிறது. அதற்குப் பிறகு மிஞ்சுவது ஒரு மணி நேரமோ அதற்கும் குறைவோதான்.

இதெல்லாம் வடசென்னைக்கு எதற்கு என்று உங்கள் வீட்டில் கேட்டால் தாராளமாகச் சொல்லுங்கள். காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. நம் தலைக்கு மேலே அயனி மண்டலம் சாதாரண நாளிலேயே அடர்த்தியும் கொந்தளிப்பும் கொண்டது. புயல் நாளில் படகில் இருக்கும் ஒற்றை அலைவரிசை ஜிபிஎஸ் பல மீட்டர் தள்ளிக் காட்டலாம். 2024 மே 10, 11 தேதிகளில் வந்த புயல் 2003-க்குப் பிறகு வந்தவற்றில் மிகக் கடுமையானது, லடாக்கின் ஹான்லேயில் துருவ ஒளி தெரிந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் அது, காசிமேட்டு விசைப்படகுகள் கரையில் இருந்தன. அடுத்த புயல் தடைக்காலம் பார்த்து வராது. வெடிப்பின் ரேடியோ இரைச்சலே ஜிபிஎஸ்ஸை மூழ்கடித்த சம்பவமும் உண்டு, 2006 டிசம்பர் 6-ல். பகலாக இருந்த நாடுகள்தான் மாட்டிக்கொண்டன, நமக்கு அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது.

கடைசிக் கேள்வி, மொட்டை மாடி. முடியும், தாராளமாக. 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து கேட்கும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள், அதாவது கணினியில் செருகும் சின்ன ரேடியோ வாங்கி, இரண்டு வாங்குங்கள். மற்ற சாமான் ரிச்சி தெருவில் கிடைக்கும். அந்த டாங்கிள் ஒரே நேரத்தில் 2 மெகாஹெர்ட்ஸ் சொச்சம் அகலத்தைத்தான் பார்க்கும், முழுக் கோடும் இறங்குவது அதில் தெரியாது. அதனால் 1947-ல் செய்ததையே செய்யுங்கள்: ஒன்றை 45-லும் மற்றதை 70-லும் நிறுத்திவிட்டு, இரண்டிலும் சத்தத்தின் அளவை நொடிக்குப் பலமுறை பதியுங்கள். 45-க்கு முனைக்கு முனை 3.2 மீட்டர், 70-க்கு 2 மீட்டர் நீளமுள்ள இருமுனை ஆன்டெனா போதும். பலமான வெடிப்பொலி மட்டுமே கேட்கும், அதுவே ஆரம்பத்துக்குத் தாராளம். உங்கள் பகுதியில் அனல்மின் நிலையத்தின் உயரழுத்தக் கம்பிகளும் வீடுகளின் எல்இடி விளக்கு, சார்ஜர்களும் இரைச்சல் போடும். அந்த இரண்டு அதிர்வெண்ணுக்கு அக்கம்பக்கத்தில் அமைதியான இடத்தை ஒரு வாரம் தேடுங்கள். எஃப்எம் இருக்கும் 88 முதல் 108 பக்கம் போகவே வேண்டாம். உப்புக்காற்று இணைப்பிகளைச் சீக்கிரம் அரித்துவிடும், நீர்புகாத டேப்பை இறுக்கிச் சுற்றுங்கள். மழைக்காலத்தில் இடி சத்தம் கேட்டால் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

கணினிக் கடிகாரத்தை இணைய நேரத்தோடு பொருத்தி, நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழித்து உலக நேரத்தில் எழுதுங்கள். நியூகர்க் மாதிரியில் 70-க்கும் 45-க்கும் இடையே உள்ள தூரம் சுமார் 1,31,000 கிலோமீட்டர். சத்தம் 70-ல் வந்து ஏறக்குறைய ஒரு வினாடியில் 45-க்கு வந்தால் அது மூன்றாம் வகை, எலக்ட்ரான் கற்றை. இரண்டிலும் துல்லியமாக ஒரே நேரத்தில் வந்தால் பக்கத்து வீட்டு மோட்டாராக இருக்கும். மூன்று நிமிடம் தாமதித்து வந்தால் வினாடிக்கு 700 கிலோமீட்டரில் ஏறும் அதிர்ச்சி அலை. அன்றைக்கே சூரியனின் ரேடியோ ஒலியைப் பதியும், உலகெங்கும் உள்ள காலிஸ்டோ நிலையங்களின் பதிவை இணையத்தில் எடுத்து ஒப்பிடுங்கள், ஊட்டியிலும் கௌரிபிதனூரிலும் அந்தக் கருவி இருக்கிறது. பிறகு லாஸ்கோ படங்களை வரிசையாக வைத்து, வெடிப்பு எந்தப் பக்கம் கிளம்பியது என்று பாருங்கள். இரண்டு வேகமும் ஒத்துப்போகாவிட்டால் அந்தப் பதிவை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.